இறங்கும் வேளையில் நெருங்கிவிடும் விமானங்கள்: குமரி எல்லைப் பகுதிப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டத்தில் விமானப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்களிலிருந்தும், எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள்தாம் என்னிடம் மிகுதியாக வருகிறார்கள். எங்களுக்கு மதுரையைவிடத் திருவனந்தபுரம் விமான நிலையம்தான் பக்கம். தரையிறங்க வந்த இரண்டு பயணிகள் விமானங்கள் மோதிக்கொள்ளப் பார்த்தன என்று தொலைக்காட்சியில் ஒரு செய்தி ஓடினால், அன்று மாலைக்குள் பத்துப் பேராவது அலுவலகப் படியேறி வந்து விவரம் கேட்பார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னவற்றை, விசாரணை அறிக்கைகளில் படித்தவற்றோடு சரிபார்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

‘மயிரிழையில் தப்பியது’ என்று செய்தியில் சொல்கிறார்களே, அதற்கு ஏதாவது அளவு உண்டா?

செய்தியில் வரும் அந்தச் சொல்லுக்கு அளவு கிடையாது. விமானத் துறையில் ‘ஏர்ப்ராக்ஸ்’ என்று ஒரு சொல் வழங்குகிறது. இரண்டு விமானங்களுக்கு இடைப்பட்ட தூரமும், அவை இருந்த நிலையும், அவற்றின் வேகமும் பாதுகாப்புக்குக் கேடாக அமைந்திருக்கலாம் என்று ஒரு விமானியோ கட்டுப்பாட்டு அறை அலுவலரோ கருதினால், அதை ஏர்ப்ராக்ஸ் என்று பதிவு செய்வார்கள். கருதினாலே போதும், உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த வரையறையின் சிறப்பு. பிறகு நடக்கும் விசாரணையில், மோதும் ஆபத்து உண்மையிலேயே இருந்ததா, பாதுகாப்பு உறுதியாக இல்லாத நிலையா, ஆபத்தே இல்லையா, தீர்மானிக்க முடியாததா என நான்கு வகைகளில் ஒன்றில் அதைச் சேர்ப்பார்கள். எனவே ஏர்ப்ராக்ஸ் என்று பதிவானவை எல்லாமே நூலிழையில் தப்பியவை அல்ல. அதே நேரத்தில், ‘ஆபத்து இல்லை’ என்ற முடிவை விசாரித்த பிறகுதான் சொல்லலாமே தவிர, அன்றைக்கே யாரும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் இரண்டு விமானங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும்?

மேலும் கீழுமாகப் பறக்கும்போது பொதுவாக 1000 அடி, அதாவது சுமார் 305 மீட்டர் இருக்க வேண்டும். நம் ஊரிலிருந்து போகும் ஏ320 வகை விமானத்தின் நீளம் ஏறத்தாழ 37 மீட்டர் என்பதால், எட்டு விமானங்களை நெட்டாக நிறுத்தி அடுக்கினால் எவ்வளவு உயரம் வருமோ அவ்வளவு என்று கொள்ளலாம். ஒரே உயரத்தில் பறந்தால், ரேடார் கண்காணிப்பு உள்ள நீண்ட வழித்தடத்தில் 5 கடல் மைல் இடைவெளி வேண்டும். அதற்கான வசதியும் அனுமதியும் உள்ள விமான நிலையங்களின் அருகில் இது 3 கடல் மைலாக, அதாவது ஐந்தரைக் கிலோமீட்டராகக் குறையும். இந்த இரண்டு இடைவெளிகளில் ஒன்று இருந்தாலே போதும், இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஐந்தரைக் கிலோமீட்டர் என்பது மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போவதைவிடக் குறைந்த தூரம். பத்தாயிரம் அடிக்குக் கீழே விமானங்கள் பொதுவாக 250 நாட் வேகத்துக்குள், அதாவது மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்குள் பறக்கின்றன. அந்த வேகத்தில் இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால், இந்தத் தூரம் முழுவதும் ஏறத்தாழ 22 வினாடிகளில் தீர்ந்துவிடும். நம் கடற்கரை ஊர்களில் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடிக்கிற நேரம் அது. விதியில் உள்ள இடைவெளி சற்றே குறைந்தாலும் விசாரணை வைப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வது வழக்கம்.

பெரிய விமானத்தின் பின்னால் சிறியது வரும்போது இன்னொரு கணக்கும் சேர்கிறது. பெரிய விமானத்தின் இறக்கைகள் கிளப்பிவிடும் காற்றுச் சுழல் சில நிமிடங்கள்வரை அடங்காமல் கிடக்கும். ஆகவே போயிங் 777 போன்ற ஒன்றின் பின்னால் ஏ320 இறங்க வந்தால் 5 கடல் மைல் விட்டுத்தான் வர வேண்டும்.

நீரோடிக் கடற்கரையில் நின்று பார்த்தால் இரண்டு விமான விளக்குகள் ஒட்டினாற்போலத் தெரிகின்றன. கைப்பேசிச் செயலியிலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இது ஆபத்தில்லையா?

பெரும்பாலும் இல்லை. திருவனந்தபுரத்தின் ஒரே ஓடுபாதை தென்கிழக்கு – வடமேற்காக அமைந்துள்ளது. தென்கிழக்கிலிருந்து இறங்கும் விமானங்கள் ஏறத்தாழ நம் கடற்கரையின் போக்கிலேயே பூவாறு, விழிஞ்ஞம் பக்கமாக வந்து சேர்கின்றன. அவை ஒரே நேர்கோட்டில், ஒன்றன்பின் ஒன்றாக, நம்மை நோக்கியோ நம்மை விட்டு விலகியோ போவதால், இடையில் பத்துக் கிலோமீட்டர் இருந்தாலும் கீழே நிற்கும் கண்ணுக்கு விளக்குகள் அடுத்தடுத்துத்தான் தெரியும். இரவில் தூரத்தைக் கணிக்க மரமோ கூரையோ துணைக்கு இல்லாததால் கண் மேலும் ஏமாறுகிறது.

செயலி காட்டுவது தரைப்படத்தின் மீதான இடத்தை மட்டுமே. அந்த விமானப் படத்தைத் தொட்டு உயரத்தைப் பாருங்கள். ஒன்று 36,000 அடியில் கொழும்பு நோக்கியும், மற்றொன்று 5,000 அடியில் திருவனந்தபுரம் நோக்கியும் போய்க்கொண்டிருக்கலாம். உயரத்தைப் பார்க்காமல் திரையைப் படம் பிடித்துக் குழுக்களில் அனுப்புவதைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். அந்த விமானத்தில் இருப்பவரின் மனைவியோ தாயோ அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எனக்கு அழைத்து அழுதிருக்கிறார்கள்.

வானம் இவ்வளவு பரந்து கிடக்கும்போது விமான நிலையத்தின் அருகில் மட்டும் ஏன் நெருக்கடி?

எல்லா வழிகளும் அங்கே ஒரே ஓடுபாதையில் வந்து முடிகின்றன. வளைகுடாவிலிருந்து கடல் வழியாக வருவது, வடக்கே டெல்லியிலிருந்து வருவது, கிழக்கே சென்னையிலிருந்து வருவது என வெவ்வேறு உயரத்திலும் வேகத்திலும் வரும் விமானங்களை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே உயரக்கோட்டில் இறக்க வேண்டும். அதே ஓடுபாதையிலிருந்து புறப்படுகிறவற்றையும் இடையிடையே அனுப்ப வேண்டும். நீண்ட வழித்தடத்தைப் பார்க்கும் பிரிவு, நிலையத்தை நெருங்குகிறவற்றைப் பார்க்கும் அணுகுமுகப் பிரிவு, ஓடுபாதையைப் பார்க்கும் கோபுரம் என்று விமானம் கைமாறிக் கைமாறி வருகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அலைவரிசை மாறுகிறது, பேசும் குரலும் மாறுகிறது. விமானிகளோ அந்த நேரத்தில் வேகத்தைக் குறைத்து, இறக்கைத் தகடுகளை விரித்து, சக்கரங்களை இறக்கிச் சரிபார்ப்புப் பட்டியலைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

பேச்சில் நேரும் பிழையும் இங்கேதான் மிகுதி. ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு விமான எண்கள் ஒரே அலைவரிசையில் இருந்தால், ஒன்றுக்குச் சொன்ன கட்டளையை மற்றொன்று எடுத்துக்கொள்ளக்கூடும். கட்டளையை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னது சரிதானா என்று கட்டுப்பாட்டாளர் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்ற விதி இதற்காகவே ஏற்பட்டது.

இறங்கிக்கொண்டிருந்த விமானம் திடீரென்று மேலே ஏறிவிட்டால், மோதலைத் தவிர்த்தார்கள் என்றுதானே பொருள்?

அப்படி இருக்க வேண்டியதில்லை. எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மஸ்கட்டிலிருந்து விடியற்காலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். வலப்பக்க ஜன்னலில் விழிஞ்ஞத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தன. சக்கரங்கள் இறங்கிய ‘கடகட’ ஓசையும் கேட்டாயிற்று. அடுத்த நிமிடத்தில் என்ஜின்கள் உறுமின. முதுகு இருக்கையோடு அழுந்தியது. விளக்குகள் கீழே நழுவிப் போயின. பக்கத்து இருக்கையில், மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த தூத்தூர்க்காரப் பெரியம்மா என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, “மக்கா, சக்கரம் கீழ எறங்கியாச்சு, பின்னயும் ஏன் மேல போவுது?” என்று கேட்டார். பத்து நிமிடம் கழித்து ஆங்கிலத்திலும் இந்தியிலும் அறிவிப்பு வந்தது. அந்த விமானத்தில் பாதிப் பேராவது தமிழோ மலையாளமோ மட்டும் தெரிந்தவர்கள். முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகத் தாமதமாயிற்று என்பதுதான் அறிவிப்பின் சாரம். நான் அதைத் தமிழில் சொன்ன பிறகுதான் அவருடைய பிடி தளர்ந்தது.

இதற்குக் ‘கோ-அரௌண்ட்’ என்று பெயர். இறங்குவதைக் கைவிட்டு, முன்பே வகுத்த பாதையில் மேலேறி, மறுபடியும் வரிசையில் வந்து இறங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். காற்று மாறினாலும், மேகம் மறைத்தாலும், வேகம் கூடிப்போனாலும், ஓடுபாதையில் நாய் ஓடினாலும் இதைச் செய்வார்கள். ஒவ்வொரு விமானியும் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பழகுவது இது. செய்யாமல் விட்டதால் நேர்ந்த கேட்டுக்கு நமக்கு அண்மையிலேயே சான்று இருக்கிறது. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில், துணை விமானி மூன்று முறை ‘கோ-அரௌண்ட்’ என்று சொல்லியும் தலைமை விமானி இறங்குவதைக் கைவிடவில்லை என்று விசாரணை கூறியது. மேலே ஏறிய விமானத்தைக் கண்டு நான் இப்போது அஞ்சுவதில்லை.

ஆயினும் கோ-அரௌண்ட் என்றால் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. மேலேறும் விமானமும், அதே ஓடுபாதையிலிருந்து அப்போதுதான் கிளம்பிய விமானமும் ஒரே பக்கத்தில் ஏறும். அந்த இரண்டையும் திசை பிரித்து அனுப்புவது கோபுரத்தில் உள்ளவருக்கு மிகக் கடினமான சில வினாடிகள்.

இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால் எண்ணெய் தீர்ந்துவிடாதா?

தீராது. போய்ச் சேரும் இடம்வரைக்கும், அங்கே இறங்க முடியாவிட்டால் கொச்சி போன்ற மாற்று நிலையம்வரைக்கும், அதற்கு மேலும் 30 நிமிடம் வட்டமிடுவதற்கும் எரிபொருள் வைத்துக்கொண்டுதான் ஜெட் விமானம் கிளம்ப வேண்டும் என்பது விதி.

விமானத்துக்கு உள்ளேயே எச்சரிக்கைக் கருவி உண்டு என்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது?

அதன் பெயர் டிசிஏஎஸ். ஒவ்வொரு விமானத்திலும் டிரான்ஸ்பாண்டர் என்ற பதிலளிப்புக் கருவி இருக்கிறது. டிசிஏஎஸ் சுற்றியுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களை விடாமல் விசாரித்து, அவை எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு விரைவாக நெருங்குகின்றன என்று தானே கணக்கிடுகிறது. தரையில் உள்ள ரேடாரை அது நம்பியிருப்பதில்லை.

நெருக்கம் ஓர் எல்லையைத் தாண்டியதும் முதலில் “டிராஃபிக், டிராஃபிக்” என்று குரல் வரும். விமானிகள் திரையைப் பார்த்து ஆயத்தமாக வேண்டும் என்பதே அதன் பொருள். நெருக்கம் மேலும் கூடி, உயரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 15 முதல் 35 வினாடிகளில் மிக அருகில் வரும் என்ற கட்டத்தில், “கிளைம்ப், கிளைம்ப்” என்றோ “டிசெண்ட், டிசெண்ட்” என்றோ கட்டளை பிறக்கும். இரண்டு விமானங்களின் கருவிகளும் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொண்டு, ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும்படி முடிவு செய்கின்றன. விமானி 5 வினாடிக்குள் தானியங்கியை விடுத்துக் கையால் அதைச் செய்ய வேண்டும். ஆபத்து நீங்கியதும் “கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்” என்று கருவி சொல்லும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. தரையிலிருந்து ஏறத்தாழ 1000 அடிக்குக் கீழே வந்துவிட்டால், ‘ஏறு, இறங்கு’ என்ற கட்டளைகளை இது கொடுப்பதில்லை. தரையருகில் ‘இறங்கு’ என்று சொல்வது அதைவிடப் பெரிய ஆபத்தாகிவிடும். 2025 ஜனவரி 29 இரவில் வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தில் தரையிறங்க வந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தது சுமார் 300 அடி உயரத்தில். அந்தக் கடைசிக் கட்டத்தில் நம்மைக் காப்பது கோபுரத்தில் உள்ளவரின் கண்ணும், விமானியின் கண்ணும், முன்கூட்டியே ஒழுங்காக வகுத்த பாதையும்தான்.

இந்தக் கருவி குரல் கொடுத்ததெல்லாம் விபத்துக்கு அருகில் போனது என்று கொள்ளவும் கூடாது. கீழே ஒரு விமானம் தனக்கு ஒதுக்கிய உயரத்தை நோக்கி வேகமாக ஏறினால், அது அங்கே நின்றுவிடும் என்பது கருவிக்குத் தெரியாது. ஆகவே மேலே இருப்பதை எச்சரித்துவிடும். ஒதுக்கிய உயரத்துக்கு முந்தைய 1000 அடியில் ஏறும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி விமானிகளுக்கு அறிவுறுத்துவது இதனால்தான்.

கட்டுப்பாட்டு அறை ஒன்று சொல்லி, கருவி வேறொன்று சொன்னால் விமானி யார் பேச்சைக் கேட்பார்?

கருவியின் பேச்சைத்தான் கேட்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். அதன்பின் அந்த விமானத்துக்கு வேறு உயரக் கட்டளை எதையும் அவர்கள் கொடுக்கக் கூடாது. இன்று இது ஐயத்துக்கு இடமில்லாத விதி. இந்த விதி பிறந்த கதையைப் படித்த நாளிலிருந்து ‘ஒன்றும் ஆகவில்லையே, விட்டுவிடுங்கள்’ என்று யார் சொன்னாலும் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

2001 ஜனவரி 31 அன்று ஜப்பானில், ஒரே நிறுவனத்தின் இரண்டு பயணிகள் விமானங்கள் நடுவானில் நெருங்கின. இரண்டிலும் சேர்த்து 677 பேர். பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் ஒரு விமானத்தை இறங்கச் சொல்ல நினைத்து, எண்ணை மாற்றி மற்றொன்றிடம் சொல்லிவிட்டார். அந்த விமானம் இறங்கத் தொடங்கிய வேளையில் அதன் கருவி ‘ஏறு’ என்றது. விமானி கட்டுப்பாட்டு அறை சொன்னபடியே தொடர்ந்து இறங்கினார். எதிரில் வந்த விமானத்துக்கு அதன் கருவி ‘இறங்கு’ என்று சொல்லியிருந்தது. ஆக, இரண்டும் இறங்கின. கடைசி நொடியில் கண்ணால் பார்த்து விலகியதால் யாரும் சாகவில்லை. ஆனால் அந்த வேகமான திருப்பத்தில் சுமார் 100 பேர் காயமடைந்தார்கள்.

அதற்கடுத்த ஆண்டு, 2002 ஜூலை 1 இரவில், ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே, அதே வகைக் குழப்பம் நேர்ந்தது. ரஷ்யப் பயணிகள் விமானம் ஒன்றும் சரக்கு விமானம் ஒன்றும் ஒன்றையொன்று குறுக்கிடும் வழியில் வந்தன. அந்த வான்பகுதியைக் கவனித்த சூரிச் கட்டுப்பாட்டு மையத்தில் ஒருவர் மட்டுமே பணியில் இருந்து இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். கருவி அதை ஏறச் சொன்னது. விமானி அவர் சொன்னதைக் கேட்டு இறங்கினார். சரக்கு விமானம் தன் கருவி சொன்னபடி இறங்கியது. மோதியதில் 71 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகுதியானவர்கள் விடுமுறைக்காகப் பயணம் போன பிள்ளைகள்.

கட்டுப்பாட்டு அறையைவிடக் கருவியின் கட்டளைக்கே முதலிடம் என்று உலகம் முழுவதற்கும் தெளிவாக்க வேண்டும் எனக் கேட்ட ஜப்பானிய விசாரணை அறிக்கை 2002 ஜூலை 12 அன்று வெளிவந்தது. பதினொரு நாள் பிந்திவிட்டது. 2003 நவம்பரில் சர்வதேச விதி திருத்தப்பட்டது.

இந்தியாவில் பயணிகள் விமானங்கள் நடுவானில் மோதியிருக்கின்றனவா?

1996 நவம்பர் 12 அன்று மாலை, டெல்லிக்கு மேற்கே ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே நடந்தது. உலகில் இதுவரை நடந்த நடுவான் மோதல்களிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோனது அதுதான். 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானத்தை 14,000 அடியில் நிறுத்தியிருந்தார்கள். இறங்க வந்த கசகஸ்தான் விமானத்தை 15,000 அடியில் நிறுத்தியிருந்தார்கள். கசகஸ்தான் விமானம் அந்த உயரத்தில் நிற்காமல் கீழே வந்துவிட்டது.

அன்றைய டெல்லி ரேடாரில் விமானம் எங்கே இருக்கிறது என்பது தெரியும், எந்த உயரத்தில் இருக்கிறது என்பது தெரியாது. விமானி வானொலியில் சொல்லும் உயரத்தைத்தான் கட்டுப்பாட்டாளர் நம்ப வேண்டியிருந்தது. புறப்படும் விமானத்துக்கும் இறங்கும் விமானத்துக்கும் ஒரே வழித்தடம். விமானங்களில் எச்சரிக்கைக் கருவியும் இல்லை. நீதிபதி ஆர்.சி. லகோட்டி விசாரணைக்குப் பிறகுதான் வழித்தடங்களைப் பிரித்தார்கள், உயரத்தைக் காட்டும் ரேடார் வந்தது, எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. அந்தச் சவூதி விமானத்தில் இருந்தவர்களில் பலர் வேலைக்காக வளைகுடா போன இந்தியர்கள். இன்று என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தம்மாம் சீட்டு விலை கேட்கிறவர்களைப் போன்றவர்கள்தாம் அவர்கள். ஆகவே இந்த விபத்தை எனக்கு எங்கோ வடக்கில் நடந்த செய்தியாக நினைக்க முடிவதில்லை.

தெற்கே அண்மையில் ஏதாவது நடந்ததா? தவறு யாருடையது?

2022 ஜனவரி 7 காலையில் பெங்களூரு விமான நிலையத்தில், இணையாக உள்ள இரண்டு ஓடுபாதைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் இரண்டு விமானங்கள் புறப்பட அனுமதி பெற்று, மேலேறி ஒன்றையொன்று நோக்கி நெருங்கின. ஒன்று கொல்கத்தாவுக்கும் மற்றொன்று புவனேசுவரத்துக்கும் போகவேண்டியவை. ஒரு ஓடுபாதையை மட்டும் பயன்படுத்துவது என்று எடுத்த முடிவு, மற்ற ஓடுபாதையைக் கவனித்த கோபுர அலுவலரைச் சென்று சேரவில்லை. ரேடார் பார்த்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர் கவனித்துத் திசை மாற்றிவிட்டதால் இரண்டும் தப்பின. இங்கே புறப்படும் விமானங்கள்தாம் நெருங்கின என்றாலும், கைமாறும் இடத்தில் ஒரு சொல் விட்டுப்போனதுதான் காரணம். இறங்கும் விமானங்களுக்கும் ஆபத்து அதே வாசல் வழியாகத்தான் வரும்.

என்னை அதைவிட வருத்தியது வேறொன்று. அந்தச் சம்பவம் அன்றைய பதிவேட்டில் எழுதப்படவில்லை என்றும், மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றும் பல நாள் கழித்துச் செய்தி வந்தது. தூங்கிப்போனவரையும் வேண்டுமென்றே விதியை மீறியவரையும் தண்டிக்கட்டும். ஆனால் தன் பிழையைத் தானே எழுதிக் கொடுத்தவரையும் அதே தட்டில் வைத்துத் தண்டித்தால், அடுத்த முறை யாரும் எழுத மாட்டார்கள். ஏர்ப்ராக்ஸ் பதிவு குறைந்தது என்று ஒரு நாடு மகிழ்வதற்கு முன்னால், நெருக்கம் குறைந்ததா, எழுதுவது குறைந்ததா என்று பார்க்க வேண்டும்.

பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு நாளில் விமானங்களை நிறுத்திவைக்கிறார்களே, அப்போது வானத்தில் நெரிசல் ஏற்படாதா?

ஏற்படாது. பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களில் சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அதற்காக ஆண்டில் இரண்டு முறை மாலையில் சில மணி நேரம் விமானப் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். வாரங்களுக்கு முன்பே விமானிகளுக்கும் நிறுவனங்களுக்கும் முன்னறிவிப்புப் போய்விடுவதால், அந்த நேரத்துக்கு யாரும் வந்து சேர மாட்டார்கள். சீட்டில் நேரம் மாறியிருந்தால் அதுதான் காரணம். முன்கூட்டியே தெரிந்த தடையால் நெரிசல் உண்டாவதில்லை. திடீர் மழையிலும், ஓடுபாதையில் டயர் வெடித்து நின்ற விமானத்திலும்தான் அது உண்டாகிறது.

இதையெல்லாம் யார் விசாரிக்கிறார்கள்?

வான்வழிக் கட்டுப்பாட்டை இந்திய விமான நிலையங்கள் ஆணையம் நடத்துகிறது. விதிகளை வகுத்து மேற்பார்வை செய்வது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். மோதலைத் தவிர்க்கத் திடீரென்று விலக வேண்டிவந்த அளவுக்குக் கடுமையான சம்பவங்களை, 2012-இல் அமைந்த விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் விசாரிக்கிறது. இறுதி அறிக்கைகளைப் பணியகம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு பக்கச் சுருக்கமாவது வந்தால், வதந்திக்கு இவ்வளவு இடம் இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பயணியாக நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. இடைவாரைக் கட்டியே இருங்கள். வார் கட்டச் சொல்லும் விளக்கு அணைந்த பிறகும், தூங்கும்போதும், போர்வைக்கு வெளியே தெரியும்படி கட்டியிருங்கள். ஜப்பானில் காயப்பட்டவர்களில் பலர் வார் கட்டாதவர்களும், நின்றுகொண்டிருந்த பணிப்பெண்களும்தாம். உணவு வண்டி கூரையில் போய் இடித்தது. இறங்கும் நேரத்தில் சக்கரம் தரையைத் தொடுமுன்பே வாரைக் கழற்றிவிட்டுப் பையைத் தேடுகிற பழக்கம் நம் விமானங்களில் பெருகிக் கிடக்கிறது. கோ-அரௌண்ட் நேருவது சரியாக அந்த நேரத்தில்தான்.

விமானம் தரையில் நின்று, வெளியேறச் சொன்னால், பையை எடுக்காதீர்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா ஓடுபாதையில், இறங்கிய பயணிகள் விமானம் அங்கே நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் பைகளை விட்டுவிட்டு உயிரோடு வெளியேறினார்கள். சான்றிதழையும் நகையையும் விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்பவர்களுக்கு, கடவுச்சீட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன்.

திடீர் ஏற்றத்தில் அடிபட்டால் இழப்பீடு கிடைக்குமா?

சர்வதேசப் பயணமாக இருந்தால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி கோரலாம். இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. உடலில் காயம் இருக்க வேண்டும். பயத்தை மட்டும் காட்டிக் கேட்க முடியாது. வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு மட்டுமே அவகாசம். இறங்கிய அன்றே விமான நிலைய மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்கிவைப்பது நல்லது.

நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ள யாரிடம் எழுதிக் கேட்பது?

முதலில் விமான நிறுவனத்திடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அரசின் ‘ஏர்சேவா’ தளத்தில் புகாராகப் பதியலாம். ‘விமானம் ஆடியது, பயந்தேன்’ என்று மட்டும் எழுதினால் யாராலும் ஒன்றும் தேட முடியாது. விமான எண், தேதி, இருக்கை எண், சக்கரம் இறங்கிய ஓசை கேட்டதா இல்லையா, மேலே ஏறியபோது கைக்கடிகாரத்தில் என்ன மணி, இந்திய நேரமா வளைகுடா நேரமா, வெளியே எந்தப் பக்கம் என்ன தெரிந்தது, பிறகு விமானி என்ன சொன்னார் என்று எழுதுங்கள். தமிழில் எழுதிக்கொண்டு வந்தால் போதும், ஆங்கிலத்தில் ஆக்கி அனுப்புவதை நான் செய்து தருகிறேன். அதற்குக் கட்டணம் கிடையாது.